விதியும் விலக்கும்: கல்லூரி மாறும் விளையாட்டு வீரர்

(பழைய மாணவன் ஒருவன்)

கல்லூரி மலர்களிலே விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே எழுதுவர். எந்த ஆண்டில் எந்தக் கல்லூரியை வென்றோம், யார் தலைமை தாங்கினார், யார் பரிசில் பெற்றார் என்னுஞ் செய்திகள் பழைய மாணவர் செவிக்குத் தேனினும் இனியன. அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நான் இம்மலருக்கு எடுத்துக்கொண்ட பொருள் வெற்றியன்று; விளையாட்டின் பொருட்டு ஒரு கல்லூரியிலிருந்து மற்றொரு கல்லூரிக்கு மாறும் மாணவனே எனது பொருள். அவன் மாறலாமா? மாறினால் உடனே விளையாடலாமா? கூடாதெனின், யார் யாருக்கு விலக்கு அளிப்பது? அளிப்பவர் யார்? கேட்பதற்கு இவை சிறு வினாக்கள். ஆயினும், இவற்றுக்கு விடை காண முயன்று நூறாண்டுக்கு மேலாக இடர்ப்பட்டு வரும் நாடு ஒன்றுண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடு. அந்நாட்டார் கண்ட அனுபவத்தை முதலிற் சொல்லி, நமது கல்லூரிக்கு அதனால் விளையும் படிப்பினையைப் பின்னர்ச் சொல்வேன். இப்பொருளில் எனக்கு அக்கறை பிறந்ததற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டின் இயல்பை முதலில் ஒருசிறிது அறிதல் வேண்டும். நம் நாட்டிலே பல்கலைக்கழக மாணவர் ஆடும் ஆட்டத்தைக் காண வருவோர் பெரும்பாலும் உடன் பயில்வோரும் பழைய மாணவருமே. அங்கோ நிலைமை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அரங்கில் 1 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒருங்கே அமர்ந்து பார்க்கலாம். (உதைபந்தாட்டம் என்று அவர்கள் சொல்வது, பெரும்பாலும் பந்தைக் கையிற் பற்றிக்கொண்டு ஓடும் ஓர் ஆட்டம்.) தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடிக்கணக்கான டொலரைக் கொடுத்து ஒளிபரப்பு உரிமையை வாங்குகின்றன. பயிற்றுநர் சிலர் பெறும் ஊதியம் அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் பெறும் ஊதியத்தினும் பன்மடங்காகும். இத்துணைப் பெரிய வாணிபத்தின் நடுவே நின்று ஆடுபவனோ 18 அல்லது 20 வயதுடைய மாணவன்.

விதி தோன்றியதன் வரலாறு சுவையானது. 1896-ஆம் ஆண்டில் பீல்டிங் யோஸ்ற் என்பவர் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்தார். அந்த ஆண்டில் லபயெற் கல்லூரிக்கும், நெடுநாள் தோல்வியறியாதிருந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம் நிகழவிருந்தது. யோஸ்ற் திடீரென லபயெற் கல்லூரியின் மாணவரானார், அந்த ஆட்டத்தை ஆடினார், லபயெற் வென்றது, அவர் மீண்டும் மேற்கு வேர்ஜீனியாவுக்கே சென்றுவிட்டார்! பிற்காலத்தில் இவர் மிச்சிகனிற் புகழ்மிக்க பயிற்றுநராய் விளங்கினார் என்பது வேறு கதை. இவ்வாறு கூலிக்கு ஆடி ஊர்சுற்றிய வீரர் அக்காலத்திற் பலர். அவர்களுட் பலருக்குப் படிப்பிலே நாட்டமுமில்லை, பட்டத்திலே கண்ணுமில்லை.

ஆட்டத்தின் கொடுமையும் அக்காலத்தில் மிகுந்திருந்தது. மாணவர் சிலர் களத்திலேயே உயிரிழந்தனர். 1905-ல் அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ற் பெருங் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் பின் 1906-ல் கல்லூரிகள் கூடி ஒரு சங்கத்தை நிறுவின. 1910 முதல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்னும் பெயரால் வழங்கி வருகின்றது. ஊர்சுற்றும் வீரரை ஒழிக்கும் பொருட்டுக் காலப்போக்கில் நிலைபெற்ற விதி இதுதான்: ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வீரன் புதிய கல்லூரியில் ஓராண்டு காலம் மாணவனாக வதிதல் வேண்டும். அவ்வாண்டிலே அவன் படிக்கலாம், பயிற்சி பெறலாம், போட்டியிற் கலந்துகொள்ளலாகாது.

இவ்விதியின் நோக்கத்தைப் பழித்தல் இயலாது. கல்லூரி என்பது கல்விக்கூடம். ஆட்டத்துக்கு ஆள் பிடிக்கும் சந்தையன்று. புதிய இடத்திற்கு வந்தவன் ஓராண்டு படிப்பில் ஊன்றி நின்று, பின் களத்துக்கு வரட்டும் என்பது நல்லெண்ணமே. ஆயினும், நல்லெண்ணத்திற் பிறந்த விதி யாரைக் காக்க எழுந்ததோ அவரையே கட்டும் கயிறாக மாறுதல் உலகத்தில் நாம் காணாத புதுமையன்று. இவ்விதிக்கும் அக்கதியே நேர்ந்தது.

மூன்று குறைகளை எடுத்துக் காட்டுவேன். முதலாவது, விதி மாணவனை மாத்திரமே கட்டியது; பயிற்றுநரைக் கட்டவில்லை. லேன் கிபின் என்னும் பயிற்றுநர் ரெனசிப் பல்கலைக்கழகத்திலே ஒரேயொரு பருவம் பணிபுரிந்து, 2010 சனவரியில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவர் ஓராண்டு வாளாவிருத்தல் வேண்டுமென எவரும் சொல்லவில்லை. அவரை நம்பி ரெனசியிற் சேர்ந்த மாணவன் தானும் வேறிடம் போக விரும்பினால், அவன் ஓராண்டு புறத்தே அமர வேண்டும். ஆசான் செல்லலாம், மாணவன் செல்லலாகாது என்பது என்ன நீதி?

இரண்டாவது, விதி எல்லா விளையாட்டுக்கும் ஒருபடித்தாக நிற்கவில்லை. நீச்சல் வீரனும் டெனிஸ் வீரனும் ஒருமுறை மாறினால், சில நிபந்தனைகளுக்கு அமைய உடனே போட்டியிடலாம் என்று இடங்கொடுக்கப்பட்டது. உதைபந்தாட்டம், ஆடவர் கூடைப்பந்து, மகளிர் கூடைப்பந்து, அடிபந்தாட்டம், ஆடவர் பனிக்கட்டி ஹொக்கி ஆகிய ஐந்துக்கு மாத்திரம் அந்த இடம் மறுக்கப்பட்டது. ஓராண்டு அமர்ந்திருத்தல் படிப்புக்கு நல்லதெனின், அது நீச்சல் வீரனுக்கும் நல்லதன்றோ? கூட்டமும் பணமும் மிகுந்த ஆட்டங்களிலேயே பூட்டு இறுகியிருந்ததை நோக்குமிடத்து, விதி காத்தது கல்வியையா, கல்லூரியின் வருவாயையா என்னும் ஐயம் எழாமற் போகாது.

மூன்றாவது, 2018-ஆம் ஆண்டு வரையில் மாறவிரும்பும் மாணவன் தன் பழைய கல்லூரியின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. அனுமதியின்றிப் பிற கல்லூரி அவனோடு பேசவும் கூடாது. அங்கே அவனுக்குப் புலமைப்பரிசிலும் கிடையாது. இன்ன கல்லூரிக்குப் போகலாம், இன்ன கல்லூரிக்குப் போகலாகாது என்று பயிற்றுநர் வரையறுத்த சந்தர்ப்பங்களும் பல. 2018 ஒக்ரோபரில் இம்முறை நீக்கப்பட்டது. மாணவன் தன் விருப்பத்தை அறிவித்தால், கல்லூரி இரண்டு வேலை நாளுக்குள் அவன் பெயரை மாறுவோர் இடாப்பிற் பதிதல் வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. கேட்டுப் பெறும் நிலை போய், அறிவித்துச் செல்லும் நிலை வந்தது. இது நல்ல திருத்தம் என்பதில் ஐயமில்லை.

இனி, விலக்கைப் பற்றிப் பார்ப்போம். ஓராண்டு அமரும் விதி சிலருக்குக் கொடுமையாய் முடியும் என்பதைச் சங்கத்தார் அறியாதவரல்லர். ஆதலால், தக்க காரணங் காட்டுவோர்க்கு விலக்களிக்கும் வழியொன்றை வைத்திருந்தனர். நோயுற்ற பெற்றோர் அருகில் இருத்தற் பொருட்டு மாறுவோர், பழைய கல்லூரியிலே தம் கட்டுப்பாட்டுக்கு அடங்காத தீங்குக்கு ஆளானோர் முதலியோர் விண்ணப்பித்தனர். இரக்கத்தின் வாயில் இவ்வாறு திறந்தது. ஆனால், அவ்வாயிலிலே நின்றவர்கள் பட்ட பாடு என்ன?

2019-ல் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். மாணவன் ஒருவனுடைய தாயார் பெரியதொரு சத்திரசிகிச்சைக்குப் பின் நலிவுற்றிருந்தார். அவன் தன் வீட்டுக்கு அண்மையிலுள்ள வேர்ஜீனியா ரெக் என்னும் பல்கலைக்கழகத்துக்கு மாறினான். உடனே ஆடுதற்கு விலக்குக் கேட்டான். மறுக்கப்பட்டது. கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று யாது? வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 100 மைலுக்கு மேற்படலாகாது என்பது வழிகாட்டி. அவன் வீடோ 105 மைல் தூரத்தில் இருந்தது! ஐந்து மைல் கூடியதனால் தாயின் நோய் குறைந்துவிடுமா? அதே ஆண்டில் நோயுற்ற பாட்டனாருக்கு அண்மையில் இருக்க விரும்பி இலினோய்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய வேறொரு மாணவனுக்கும் விலக்குக் கிடைக்கவில்லை. அங்கும் தூரம் ஒரு தடை. பாட்டனார் நெருங்கிய குடும்பத்தவராகக் கொள்ளப்படாமை மற்றொரு தடை. பாட்டன் மடியில் வளர்ந்த நம்மவர்க்கு இது விளங்கவே மாட்டாது. அதே காலத்தில் புகழ்பெற்ற வீரர் சிலர் சட்டத்தரணிகளை அமர்த்தி விண்ணப்பித்து விலக்குப் பெற்றனர். அவர்கள் பெற்றதைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. அவர்களிடமும் உண்மையான காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால், ஒருவனுக்கு ஏன் கிடைத்தது, மற்றவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை உலகம் அறிய வழியில்லை. மாணவரின் அந்தரங்கத்தைக் காத்தல் வேண்டுமெனச் சொல்லிச் சங்கத்தார் பெரும்பாலும் காரணங்களை வெளியிடுவதில்லை.

என் கருத்து இதுதான். விலக்கு மிகுந்த விதி விதியாக நிலைப்பதில்லை. அது அளிப்பவரின் தயவாக மாறிவிடுகின்றது. தயவை நாடி நிற்பவன் தன் துன்பத்தைக் கடைவிரித்துக் காட்ட வேண்டியவனாகின்றான். தாயின் வைத்தியச் சான்று, தன் மனநோய்ச் சான்று, பழைய கல்லூரியின் மீது குற்றச்சாட்டு என்பவற்றையெல்லாம் ஒரு குழுவின் முன் வைத்து, ‘என் துன்பம் போதுமானதா?’ என்று கேட்கும் நிலைக்கு ஓர் இளைஞனைக் கொண்டுவருதல் கல்விக்கூடங்களுக்கு அழகன்று. உள்ளதை உள்ளவாறு சொல்பவன் தோற்கவும், மிகைப்படுத்திச் சொல்பவன் வெல்லவும் அது இடஞ்செய்யும். விலக்கு விதியின் கொடுமையைத் தீர்க்கவில்லை. கொடுமை வெளியே தெரியாதபடி திரையிட்டது.

2021 ஏப்பிரலிலே சங்கத்தார் எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக ஒரு முறை மாத்திரம் தடையின்றி மாறலாம் என்று விதித்தனர். சமன்மை பிறந்தது. எனினும், இரண்டாம் முறை மாறுவோர்க்குப் பழைய விதியும் பழைய விலக்கும் தொடர்ந்தன. 2023-ல் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஒரு வீரனின் கதை நாடறிந்தது. அவன் முன்னர்ச் சேர்ந்த ஒரு கல்லூரியிலே கொள்ளைநோய்க் காலத்தில் ஆட்டமே நடைபெறவில்லை. ஆகவே, அங்கே அவன் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. ஆயினும், அதுவும் ஒரு மாற்றமாகக் கணக்கிடப்பட்டது. செப்டெம்பரில் விலக்கு மறுக்கப்பட்டது. ஒக்ரோபரில், புதிய தகவல் கிடைத்ததெனச் சொல்லி, அளிக்கப்பட்டது. இடையிலே பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்கள் கழிந்துவிட்டன. கழிந்த ஆட்டத்தை மீட்டுக் கொடுக்க எந்தக் குழுவால் முடியும்?

அதே ஆண்டு டிசம்பர் 7-ஆம் திகதி ஒகையோ, மேற்கு வேர்ஜீனியா, நியூ யோர்க் முதலிய ஏழு மாநிலங்கள் சங்கத்தின் மீது வழக்குத் தொடர்ந்தன. போட்டியைத் தடுக்கும் வாணிபக் கூட்டுறவை விலக்கும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இவ்விதி மாறானது என்பது அவற்றின் வாதம். வழக்கு நிகழ்ந்த இடம் மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள மத்திய அரசின் நீதிமன்று. யோஸ்ற் புறப்பட்டுச் சென்று விதிக்கு வித்திட்ட அதே மாநிலத்திலே, 127 ஆண்டுகளின் பின் விதியின் முடிவும் எழுதப்பட்டமை விந்தையே! டிசம்பர் 13-ல் நீதிபதி இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தார். 2024 ஏப்பிரலிற் சங்கமே விதியைத் திருத்தியது. படிப்பிலே நன்னிலையில் உள்ள மாணவன் எத்தனை முறை மாறினும் உடனே ஆடலாம் என்றாயிற்று. மேமாத இறுதியில், மத்திய அரசின் நீதித் திணைக்களமும் மாநிலங்களும் சங்கத்தோடு செய்துகொண்ட இணக்கம் அதனை உறுதிப்படுத்தியது.

பூட்டு உடைந்தது, நன்று. இனி எல்லாம் நன்மையே என்று சொல்லிக் கட்டுரையை முடிக்கலாமா? முடித்தல் உண்மைக்கு மாறாகும். 2021 யூலை முதல் வீரர் தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருளீட்ட இடமுண்டாயிற்று. 2025 யூனில் நீதிமன்று அங்கீகரித்த உடன்பாட்டின்படி, அதில் இணைந்த ஒவ்வொரு கல்லூரியும் 2025-26-ல் ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை தன் வீரருக்கு நேரே பகிர்ந்தளிக்கலாம். கதவும் திறந்து, பணமும் புகுந்தபின் ஆண்டுக்கொரு கல்லூரி மாறுவோர் தொகை பெருகிற்று. ஒரே வீரன் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு ஆடியதும் உண்டு. சிறிய கல்லூரிகள் இளங்கன்றாய் எடுத்து வளர்த்த வீரனைப் பெரிய கல்லூரிகள் விளைந்த பின் கொண்டுபோகின்றன. மாறுவோர் இடாப்பிலே பெயரைப் பதிந்தும் ஏற்பாரின்றி நிற்போர் பலர். பெயர் பதிந்தவனுடைய புலமைப்பரிசிலை அப்பருவத்தோடு நிறுத்தப் பழைய கல்லூரிக்கு உரிமையுண்டு. அவன் அக்கரைக்கும் இல்லை, இக்கரைக்கும் இல்லை.

இவற்றுள் எல்லாவற்றினும் பெரிய இழப்பு படிப்பிழப்பே. ஓரிடத்திற் சித்தியெய்திய பாடங்கள் யாவும் மற்றோரிடத்தில் ஏற்கப்படும் என்பது நிச்சயமில்லை. 2003-ல் நடைமுறைக்கு வந்த ஒரு விதிப்படி, வீரன் இரண்டாம் ஆண்டு முடிவிற் பட்டப்படிப்பின் 40 வீதத்தையும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 வீதத்தையும், நான்காம் ஆண்டு முடிவில் 80 வீதத்தையும் நிறைவேற்றியிருத்தல் வேண்டும். இதுவே அறிவுடைய தடை என்பேன். ஏனெனில், இது ‘நீ எங்கே இருந்தாய்?’ என்று கேட்பதில்லை. ‘நீ என்ன படித்தாய்?’ என்று கேட்கின்றது. மனு எழுதித் தயவு வேண்டாமல், தன் உழைப்பினாலேயே மாணவன் இதனைக் கடக்கலாம்.

ஆகவே, பூட்டிய கதவும் வேண்டாம், மதிலில்லா வெளியும் வேண்டாம் என்பதே என் துணிபு. மாணவனுக்குப் போகும் உரிமை வேண்டும். ஆனால், பருவத்தின் நடுவே போதல் கூடாது. விதி கல்வியை அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும், மைலையன்று. ஒரு விதிக்கு ஆண்டுதோறும் பலர் விலக்குக் கேட்பாராயின், கேட்பவரிற் குறை காணாது விதியிற் குறை காணல் வேண்டும். தவிர்க்க முடியாத விலக்கை அளிப்பினும் மறுப்பினும், பெயரை மறைத்துக் காரணத்தை வெளியிடல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விதி மாணவனைக் கட்டுமுன் அவனை அழைத்த கல்லூரியைக் கட்டல் வேண்டும்.

‘இது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன?’ என்று அன்பர் சிலர் கேட்கலாம். இங்கே தொலைக்காட்சிப் பணமுமில்லை, இலட்சம்பேர் கூடும் அரங்குமில்லை. ஆயினும், சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் உயர்தர வகுப்புக்கு வேறு பாடசாலை நாடிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வேளையில் ஓட்டத்திலோ பந்தாட்டத்திலோ வல்ல பிள்ளையைத் தம்பக்கம் அழைப்போரும் உண்டு. விட மனமில்லாதோரும் உண்டு.

தொடக்கத்தில் நான் சொல்வதாகக் கூறிய காரணத்தை இனிச் சொல்வேன். என் மாணாக்கப் பருவத்திலே எங்கள் வகுப்பில் ஒருவன் இடையில் வந்து சேர்ந்தான். அவன் ஊர்ப் பாடசாலைக்கு மைதானமில்லை. பனங்காணி நடுவே ஓடிப் பழகியவன். அவன் ஓட்டத்தைக் கண்ட எம்மவர் அழைத்துவந்து விடுதியிற் சேர்த்தனர். பழைய பாடசாலையோ விடுகைப் பத்திரத்தை ஒரு தவணைக்கு மேலாகத் தரவில்லை. அவ்வாண்டு மெய்வல்லுநர் போட்டியில் அவன் ஓடவில்லை. ‘ஓடாதது கவலையில்லையடா. காலையிலே இடாப்புக் கூப்பிடும்போது என் பெயர் இல்லையே, அதுதான் கவலை’ என்று ஒருநாள் என்னிடஞ் சொன்னான். அடுத்த ஆண்டில் ஓடினான், வென்றான், நாங்கள் தோளிலே தூக்கினோம். அதற்கடுத்த ஆண்டு முழங்காலிற் காயம்பட்டது. தோளிலே தூக்கியவர்கள் நாங்கள்தாம். அவன் விடுதிக் கட்டணத்தை யார் கொடுப்பது என்று பேச்செழுந்தபோது தலைகுனிந்தவர்களும் நாங்கள்தாம். ஆசிரியர் ஒருவர் தம் சம்பளத்திலிருந்து கொடுத்தார். அவன் பரீட்சை எழுதினான், சித்தியெய்தினான். அவ்வாசிரியர் இதனை எவரிடமும் சொன்னதில்லை. அவர் மறைந்த பின் அவனே எனக்குச் சொன்னான்.

ஓராசிரியர் தனித்துச் செய்ததை ஒரு கல்லூரி சேர்ந்து செய்தலாகாதா? பழைய மாணவர் சங்கத்தார்க்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. விளையாட்டுத் திறனைக் கருதி நம் கல்லூரியிற் சேர்க்கப்படும் எந்த மாணவனும், ஆடினும் ஆடாவிடினும், வென்றாலும் முடமுற்றாலும், தன் பரீட்சையை எழுதி முடிக்கும் வரை அவனைத் தாங்குவதற்கு இவ்விழா நினைவாக ஒரு நிதியை நிறுவுங்கள். நம்மை விட்டு வேறிடஞ் செல்ல விரும்பும் மாணவனுக்கு விடுகைப் பத்திரத்தை ஒரு நாளேனுந் தாமதியாது வழங்கும்படி கல்லூரியாரையும் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்விரண்டுக்கும் எந்தச் சங்கத்தின் விதியும் வேண்டியதில்லை. எவரிடமும் விலக்குக் கேட்க வேண்டியதுமில்லை.

வெற்றிக் கேடயங்கள் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. அவற்றை ஈட்டித் தந்த பிள்ளைகள் எங்கே இருக்கின்றார்கள் என்று சொல்லவல்ல கல்லூரியே பெருங் கல்லூரி. நம் கல்லூரி அத்தகையதாய் நீடு வாழ்க!